தண்ணீரைக் குறைக்கிற கண்ணாடி

பறவைகளைப் படமெடுப்பவர்களுக்கு லென்ஸ் நீளமாக இருந்தால்தான் மரியாதை. 400 வைத்திருப்பவர் 600 வைத்திருப்பவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வேடந்தாங்கல் போய் வருகிறவர்கள் என் பட்டறைக்கு வந்தால், பையிலிருந்து முதலில் வெளியே வருவது அந்த நீளக் குழாய்தான். அப்படி ஒருவர் ஒருநாள் கேட்டார்: “சார், அடுத்த மாசம் அந்தமான் போறேன். இந்த 400-ஐத் தண்ணிக்குள்ள கொண்டுபோற மாதிரி பெட்டி ஏதாவது கிடைக்குமா? தூரத்துல சுறா வந்தா எடுத்துடலாம்ல?”

“தூரத்துல வர்ற சுறாவை உங்க கண்ணே பார்க்காது தம்பி. லென்ஸ் என்ன பண்ணும்?” என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விஷயம் அதுதான். தரையில் லென்ஸின் வரலாறு, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்த வரலாறு. கடலடியில் அந்த வித்தை செல்லாது. சூரிய ஒளியில் இருக்கும் சிவப்பு முதல் சில மீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலும் போய்விடுகிறது. மிஞ்சுகிற ஒளியும் தண்ணீரில் மிதக்கும் தூசியிலும் நுண்ணுயிர்களிலும் பட்டுச் சிதறுகிறது. ஃப்ளாஷ் போட்டாலும் கதை மாறாது. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்குப் போய்த் திரும்ப ஒளி இரண்டு மீட்டர் தண்ணீரைக் கடக்க வேண்டும். அதனால் இந்தத் துறையில் லென்ஸ் செய்தவர்கள் எல்லோரும் பாடுபட்டது ஒன்றுக்குத்தான்: கண்ணாடிக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரை எப்படிக் குறைப்பது?

நான் முக்குளிக்கிறவன் அல்ல. பழைய கேமராக்களைப் பிரித்து மாட்டுவது என் தொழில். கடலுக்குள் போய்வந்த லென்ஸ்கள் என் மேசைக்கு வரும்போது உப்புப் பூத்து வரும். அவற்றைக் கழற்றிக் கழற்றியே இந்த வரலாற்றை நான் தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் படித்தது.

முதலில் இறங்கியது மனிதன் அல்ல, பெட்டி மட்டும்தான். 1856-இல் இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்ற வழக்கறிஞர், முன்பக்கம் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் கேமராவை அடைத்து, படகிலிருந்து கடலடிக்கு இறக்கினார். ஆழம் சுமார் 18 அடி. மூடியைத் திறக்க ஒரு கயிறு. பத்து நிமிடம் போலக் காத்திருந்து இழுத்துப் பார்த்தால், பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அப்படியும் தகட்டில் பாறையும் பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. வக்கீல் அதோடு விட்டுவிட்டார்.

உண்மையான தொடக்கம் லூயி பூத்தான். பிரான்சின் தெற்கு எல்லையில், ஸ்பெயினை ஒட்டிய பானியூல்ஸ் என்ற கடலோர ஊரில் அராகோ ஆய்வகம் இருக்கிறது. அங்கே விலங்கியல் ஆராய்ந்தவர் அவர். கனத்த தலைக்கவசமும் ஈயக் காலணியும் மாட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கினார். அங்கே கண்டதை மேலே இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பொறியாளரான அவருடைய சகோதரர் ஒகுஸ்த் கேமராவுக்கு நீர் புகாத பெட்டி வடிவமைத்துக் கொடுத்தார். 1893-இல் படங்கள் விழுந்தன. அந்தப் பெட்டியோடு ஒரு ரப்பர் பலூன் இணைத்திருந்தார்கள். ஆழம் போகப் போக வெளியழுத்தம் பலூனை நசுக்கும். அதிலிருக்கும் காற்று பெட்டிக்குள் ஏறி, உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்துக்குச் சமமாக்கும். தண்ணீர் உள்ளே வர வழியில்லை. இன்றைக்கும் இதைவிட எளிய யோசனையை நான் பார்த்ததில்லை.

பூத்தானின் படங்களுக்கு அரைமணி நேரம்கூடப் பிடித்தது. அவ்வளவு நேரம் மீன் நிற்குமா? பாறையும் பாசியும்தான் நின்றன. வெளிச்சத்துக்காக, ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் கூண்டுக்குள் மக்னீசியம் எரித்துப் பார்த்தார். பீப்பாய் மேல் விளக்கு வைத்துப் பார்த்தார். கடைசியில் மின்விளக்குக்கு வந்தார். 1899-இல் ருமேனிய ஆய்வாளர் எமில் ரகோவித்சா முக்குளிப்பு உடையில் நிற்கும் படத்தை அவர் எடுத்தார். கடலடியில் ஒரு மனிதனைக் காட்டும் ஆரம்பப் படங்களில் அதுதான் பெயர் பெற்றது. மறு ஆண்டு எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகப் போட்டுவிட்டுப் பிற்பாடு முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்கு இந்தோசீனா பக்கம் போனார்.

அவர் பெட்டியின் முன்பக்கம் இருந்தது தட்டைக் கண்ணாடி. அடுத்த அறுபது எழுபது ஆண்டு எல்லோரும் அந்தத் தட்டைக் கண்ணாடியோடுதான் மல்லுக்கட்டினார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் மீதிக் கதை தானாகப் புரியும்.

தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வரும் ஒளிக்கதிர் வெளிப்பக்கமாக வளைகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. இதனால் மீன் இருக்கிற தூரத்தில் முக்கால் பங்கில் நிற்பதாகத் தெரியும். அதற்கேற்பப் பெரிதாகவும் தெரியும். முக்குளிப்பவரின் முகக் கண்ணாடியும் தட்டை என்பதால் அவர் கண்ணுக்கும் இதே ஏமாற்றம்தான். பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதில்லை. பெரிதாகத் தெரிகிறது என்றால் பார்வைக் கோணம் குறுகிவிட்டது என்று பொருள். தரையில் 63 பாகை அகலம் பார்க்கிற 35 மி.மீ. லென்ஸ், தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீருக்குள் 46 பாகைதான் பார்க்கும். அப்படியென்றால் படத்துக்குள் ஆள் அடங்க வேண்டுமானால் பின்னால் போக வேண்டும். பின்னால் போனால் நடுவில் தண்ணீர் கூடும். தண்ணீர் கூடினால் படம் கெடும். அகலமான லென்ஸைப் போட்டுச் சமாளிக்கலாமா? தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு அகல லென்ஸ் வைத்தாலும் 97 பாகையைத் தாண்ட முடியாது. இயற்பியல் அங்கே கதவைச் சாத்திவிடுகிறது. அதற்கு வெகு முன்பே ஓரங்கள் இழுபட்டு, நிறங்கள் பிரிந்து, விளிம்பில் நீலமும் சிவப்புமாகக் கோடு கட்டும்.

1926-இல் அமெரிக்காவின் டிரை டொர்டூகாஸ் தீவுகளில் ஆய்வாளர் லாங்லியும் படக்காரர் சார்லஸ் மார்ட்டினும் முதல் கடலடி வண்ணப் படங்களை எடுத்ததும் தட்டைக் கண்ணாடி வழியாகத்தான். மிதவை ஒன்றில் மக்னீசியப் பொடியைக் கொட்டி வெடிக்கவைத்து, அந்த வெளிச்சத்தில் ஆட்டோக்ரோம் தகட்டில் படம்பிடித்தார்கள். 1927 ஜனவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் அவை வெளிவந்தன. அந்தப் பொடி வெடித்து லாங்லிக்குப் பலத்த தீக்காயம். வெளிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள், நடுவில் இருந்த தண்ணீரைக் குறைக்கும் வழியை லென்ஸில் தேடவில்லை. அது யாருக்கும் அப்போது கைவசம் இல்லை.

முதலில் அதைக் கணக்குப் போட்டுத் தீர்த்தவர் பிரான்சில் வாழ்ந்த அலெக்சாந்தர் இவானோஃப். தட்டைக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கண்ணாடிகள்: முன்னால் இருப்பது உட்குழிந்தது, பின்னால் இருப்பது வெளிக்குவிந்தது. தண்ணீர் குறுக்கிய கோணத்தை இந்த இரட்டை திரும்ப விரித்துவிடும், நிறப்பிரிவையும் அடக்கும். மின்னணு ஃப்ளாஷைக் கடலுக்குள் கொண்டுபோன டிமித்ரி ரெபிகோஃப் இதைத் தன் கேமராக்களில் சேர்த்துக்கொண்டார். 1950-களில் நடந்தது இது. அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் கனம், விலை, செய்யும் சிரமம் எல்லாம் சேர்ந்து பெரும்பாலோர் கைக்கு அது எட்டவில்லை. இவானோஃப் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

அதே 1950-களில் நம் பக்கத்துக் கடலிலும் கேமரா இறங்கியது. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து, 1956-இல் திருகோணமலை சுவாமி மலையடியில் முக்குளித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கடலடியில் கிடந்தன. வில்சன் அவற்றைப் படமெடுத்தார். மறு ஆண்டு வந்த கிளார்க்கின் ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரொபேன்’ நூலில் அந்த முக்குளிப்புகள் வருகின்றன. ஒரு மீனை எடுப்பது வேறு, இடிந்த கோவிலின் கற்குவியலை எடுப்பது வேறு. கற்குவியல் அடங்க எட்டி நிற்க வேண்டும், எட்டி நின்றால் தெரியாது. அகல லென்ஸ் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் உதாரணம் அந்தக் கற்கள்தான்.

இனி என் மேசைக்கு வருவோம்.

கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் குழுவில் இருந்த பெல்ஜியப் பொறியாளர் ழான் த வூத்தர்ஸ் ஒரு கேமரா செய்தார். கேமராவைப் பெட்டிக்குள் அடைப்பதற்குப் பதிலாக, கேமராவே நீர் புகாததாக இருந்தால் என்ன என்பதுதான் யோசனை. 1960-களின் தொடக்கத்தில் அது ‘கலிப்ஸோ’ என்ற பெயரில் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. நிக்கான் நிறுவனம் உரிமையை வாங்கி 1963-இல் ‘நிக்கனாஸ்’ என்று கொண்டுவந்தது. அடுத்த நாற்பதாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக, கடலடிக் கேமரா என்றால் நிக்கனாஸ் என்றே உலகம் நினைத்தது.

முதல் மூன்று மாடல்களைப் பிரிப்பதே ஒரு சுகம். லென்ஸைப் பிடித்து வெளியே இழுத்து, கால் சுற்றுத் திருப்பி உருவ வேண்டும். உருவிய பிறகுதான் உள்ளுடம்பு வெளிக்கூட்டிலிருந்து மேலே கிளம்பும். அதைக் கிளப்ப, தோள்வார் மாட்டும் காதுகளையே நெம்புகோலாகப் பயன்படுத்த வேண்டும். பூட்டு என்று தனியாக ஒன்றும் கிடையாது, லென்ஸ்தான் பூட்டு. அடைப்புக்கு ரப்பர் ஓ-ரிங். அதில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், கேமரா கடலோடு போய்விடும். ஓ-ரிங்கில் கிரீஸை அள்ளி அப்புகிறவர்கள் நிறையப் பேர். கிரீஸ் அடைப்பதற்கு அல்ல, ரப்பர் வழுக்கி உட்காருவதற்கு. விரலில் ஈரம் தெரிகிற அளவு போதும்.

இதன் 35 மி.மீ. லென்ஸ் நிக்கானின் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸின் அதே கண்ணாடிதான். முன்னால் ஒரு தட்டைக் கண்ணாடி. அதனால் தரையிலும் எடுக்கலாம், தண்ணீரிலும் எடுக்கலாம். இரண்டு பக்கமும் இரண்டு திருகுகள், ஒன்று தூரத்துக்கு, ஒன்று அப்பர்ச்சருக்கு. அளவுகள் லென்ஸின் முகத்திலேயே எழுதியிருக்கும். முக்குளிப்பவர் கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பர்ச்சரைக் குறைக்கக் குறைக்க, தூரத் தட்டின் மேல் இரண்டு சிவப்பு முட்கள் மெல்ல விலகும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் தெளிவாக விழும். எந்த மின்கலமும் இல்லாமல் பல்சக்கரங்கள் மட்டும் செய்கிற வேலை அது. நிக்கனாஸில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுத் திருகில் வைக்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கண்ணும் தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறது, லென்ஸும் தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறது. இரண்டும் ஒரே அளவில் ஏமாறுவதால், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தை அப்படியே வைத்தால் போதும். நாடா பிடித்து அளந்து உண்மைத் தூரத்தை வைத்தவர்களின் படம்தான் மங்கியது.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைப் பார்த்துவரும் ஆய்வாளர் ஒருவர் ஒரு காலத்தில் அடிக்கடி வருவார். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் இருக்கும் 21 தீவுகளில் சிலவற்றைச் சுற்றித்தான் அவருடைய வேலை. “லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிருக்கு, கழுவிக் குடுங்க” என்று 35-ஐ நீட்டுவார். விளக்கில் பிடித்துப் பார்த்தால் பளிங்கு போலச் சுத்தமாக இருக்கும். அவர் கொண்டுவந்த ஸ்லைடுகளை ஒளிமேசையில் பரப்பிப் பார்த்தபோது சங்கதி விளங்கியது. அகலமாக எடுத்த பாறைத் தொடர் எல்லாம் ஒரே பச்சை மூட்டம். அதே ஃபிலிம் சுருளில், அதே லென்ஸின் முன்னால் கிட்டப்படக் கண்ணாடியை மாட்டி, ஒரு சாண் தூரத்தில் எடுத்த பவளத்தில் ஒவ்வொரு புழையும் எண்ணலாம் போலத் தெளிவு. பூஞ்சை இருந்தால் இரண்டும் கெட்டிருக்க வேண்டும். கெடுத்தது தண்ணீர். காற்று எழும்பிவிட்டால் அந்தக் கடல் கலங்கிவிடும் என்று அவரே சொன்னார். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் கையே தெரியாதாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறடி ஆள் ஒருவர் நீந்துகிறார், அவர் முழுசாகப் படத்தின் நீளத்தில் அடங்க வேண்டும். 35 போட்டால் இரண்டே கால் மீட்டருக்கு மேல் தள்ளிப் போக வேண்டும். 15 போட்டால் ஒரு மீட்டர் போதும். நடுவில் இருக்கும் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. “அப்ப 15 வாங்கணும்கிறீங்க” என்றார். “வாங்கலாம், விலையைக் கேட்டு உக்கார்ந்துடுவீங்க” என்றேன். கடைசியில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் பழையது ஒன்றை வாங்கினார்.

அந்த 15-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நிக்கான் 1960-களின் நடுவிலேயே தண்ணீருக்கென்றே ஒரு 28 மி.மீ. லென்ஸ் செய்திருந்தது. தண்ணீருக்குள் அது 59 பாகை. ஏறக்குறைய 35 தரையில் பார்க்கிற அகலம். 1972-இல் வந்தது 15 மி.மீ., தண்ணீருக்குள் 94 பாகை. தட்டைக் கண்ணாடியைத் தூக்கிப்போட்டுவிட்டு, முன்கண்ணாடியையே வெளிப்புறம் வளைத்து, தண்ணீரையும் லென்ஸின் ஓர் உறுப்பாகக் கணக்கில் சேர்த்து வடிவமைத்தது. நிக்கனாஸில், லென்ஸ் வழியாகவே பார்க்கவைக்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் இருப்பது போன்ற கண்ணாடித் தகடு மேலும் கீழும் ஆடுவதில்லை. அதனால் லென்ஸின் பின்பக்கம் ஃபிலிமை உரசுகிற அளவுக்கு உள்ளே போகலாம். வடிவமைத்தவர்கள் அந்தச் சலுகையை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். அகல லென்ஸை நேர்மையாகச் செய்ய அதுவே நல்ல வழி. பிற்பாடு வந்த மாடல்களில் ஒளி அளக்கும் கருவி வந்தபோது, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பழைய 15 அதன் பார்வையை மறைத்தது. நிக்கான் லென்ஸைத் திருத்தி வடிவமைக்க வேண்டியதாயிற்று.

இந்த லென்ஸைச் சோதிக்க என் பட்டறையில் ஒரு வாளி உண்டு. நிக்கனாஸ் ஐந்தாம் மாடலின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் சொரசொரத்த கண்ணாடித் துண்டை ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் வைத்துத் திறந்து பிடித்துக்கொள்வேன். வாளியின் அடியில் ஓர் எஃகு அளவுகோல். லென்ஸின் முகத்தைக் காற்றில் வைத்துப் பார்த்தால் அளவுகோலின் கோடுகள் கரைந்து, ஓரத்தில் நிறங்கள் வழியும். இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றும். மெல்ல இறக்கி முகம் தண்ணீரைத் தொட்டதும், கோடுகள் ஒவ்வொன்றாக அல்ல, எல்லாம் ஒன்றாகக் கூர்மையாகும். மில்லிமீட்டர் கோடு மூலை வரைக்கும் நேராக நிற்கும். தூக்கினால் திரும்பக் கரையும். வாங்க வருகிறவர்கள் தரையில் பார்த்துவிட்டு “லென்ஸ் போச்சு” என்று முகம் சுளிப்பார்கள். நான் பேசுவதில்லை, வாளியைக் காட்டுவேன்.

அமெரிக்காவில் வேறொரு வழி ஓடிக்கொண்டிருந்தது. நேஷனல் ஜியாக்ரஃபிக்கின் பேட்ஸ் லிட்டில்ஹேல்ஸ், கோமர் மெக்நீல் என்ற பொறியாளரோடு சேர்ந்து 1960-களில் ‘ஓஷன்ஐ’ என்ற பெட்டியைச் செய்தார். சாதாரண நிக்கான் எஃப் கேமரா உள்ளே. முன்னால் பெரிய பிளெக்ஸிகிளாஸ் அரைக்கோளம். இதைத்தான் இன்றைக்கு டோம் என்கிறோம். அரைக்கோளத்தின் மையத்தில் லென்ஸின் ஒளிவாய் இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வரும் கதிரும் கண்ணாடியைச் செங்குத்தாகச் சந்திக்கும். செங்குத்தாக வரும் கதிர் வளையாது. கோணம் குறுகாது. தரையில் வேலை செய்த அகல லென்ஸ் கடலுக்குள்ளும் அதே அகலத்தைப் பார்க்கும்.

ஆனால் கடல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. அரைக்கோளத்தின் வெளியே நிற்கும் தண்ணீர், குழிலென்ஸாக மாறிவிடுகிறது. வெகுதூரத்தில் இருப்பதும், டோமின் முன்னால் அதன் ஆரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்தில், சின்னதாக, ஒரு போலி உருவமாகத் தெரியும். ஆரம் பத்து சென்டிமீட்டர் என்றால் அந்தப் போலிக் கடல் முப்பது சென்டிமீட்டரில் முடிந்துவிடும். லென்ஸ் அங்கேதான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸுக்கு, நாற்பது வயதுக்குப் பிறகு நாம் பேப்பர் படிக்க மாட்டிக்கொள்வது போல, முன்னால் ஒரு படிப்புக் கண்ணாடி மாட்டியாக வேண்டும். அந்தப் போலி உருவம் வேறு வளைந்திருக்கும். நடுப்பகுதி கூர்மையானால் மூலைகள் குழையும். அதனால் அப்பர்ச்சரை எஃப்/8, எஃப்/11 என்று சுருக்கு என்கிறார்கள். டோம் பெரிதாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும்; ஆனால் பெரிய டோம் தண்ணீரில் மிதக்கப் பார்க்கும், மணிக்கட்டை முறுக்கும். டேவிட் டூபிலே பாதி வானமும் பாதிக் கடலுமாக எடுத்துப் புகழ்பெற்ற படங்களுக்குப் பெரிய டோம் இல்லாமல் முடியாது. பாறை இடுக்கில் ஒளியும் மீனை முட்டிக்கொண்டு எடுக்கச் சின்ன டோம்தான் வசதி. என்னைக் கேட்டால், நிக்கனாஸின் 15 போன்ற தண்ணீருக்கென்றே பிறந்த லென்ஸ் மூலைவரை நேர்மையானது. டோம் ஒரு சாமர்த்தியமான சமரசம்.

அகலத்துக்கு எதிர்க்கோடி மேக்ரோ, அதாவது கிட்டப்படம். தத்துவம் அதே: தண்ணீரைக் குறை. நிக்கனாஸ்காரர்கள் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் குழாய் செருகி, முன்னால் கம்பிச் சட்டம் ஒன்றை நீட்டிவைத்தார்கள். சட்டத்துக்குள் அடங்குவது படத்துக்குள் அடங்கும். பவளத்துக்கு ஓடத் தெரியாது, அதனால் அதற்கு இது சரி. மீன் கம்பியைப் பார்த்ததும் ஓடிவிடும். எஸ்.எல்.ஆர். கேமராவைப் பெட்டிக்குள் வைத்து 55, 60, 105 மேக்ரோ லென்ஸ்களைப் போட ஆரம்பித்த பிறகுதான் சின்ன உயிர்களின் முகம் தெரிந்தது. இங்கே தட்டைக் கண்ணாடி பகையாளி அல்ல, கூட்டாளி. கோணத்தைக் குறுக்குவதால் சும்மா ஒரு மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கித் தருகிறது. இந்தோனேசியாவின் லெம்பே நீரிணை போன்ற, கறுப்பு மணலும் கலங்கலுமாக இருக்கிற இடத்துக்கு உலகமே படையெடுப்பது மேக்ரோ வந்ததனால்தான். அகல லென்ஸோடு போனவன் அங்கே வெறுங்கையோடு திரும்புவான்.

நிக்கான் கடைசியாக ஒரு பெரிய ஆட்டம் ஆடிப்பார்த்தது. 1992-இல் வந்த நிக்கனாஸ் ஆர்.எஸ்., பெட்டி இல்லாமலே 100 மீட்டர் இறங்குகிற, தானாக ஃபோகஸ் செய்கிற எஸ்.எல்.ஆர். அதற்கு 13 மி.மீ. மீன்விழி, 28, 50 மேக்ரோ, 20-35 ஜூம் என்று தண்ணீருக்கென்றே லென்ஸ்கள். மீன்விழி இன்றைக்கும் பேசப்படுகிறது. விலை யானை விலை. சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. சாதாரண நிக்கனாஸையும் 2001-இல் நிறுத்தினார்கள். டிஜிட்டல் வந்ததும் எல்லோரும் திரும்பப் பெட்டிக்குள் போனார்கள், பூத்தான் காலத்துக்கு.

அப்புறம் ஒரு நல்லது நடந்தது. ஜப்பானின் இனான் போன்றவர்கள் பெட்டிக்கு வெளியே, தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றுகிற லென்ஸ்களைக் கொண்டுவந்தார்கள். ஃபிலிம் காலத்தில் கரையில் எந்த லென்ஸை மாட்டினாயோ அதுதான் அந்த முக்குளிப்புக்கு. மேக்ரோ மாட்டிக்கொண்டு இறங்கினவன் தலைக்கு மேல் திமிங்கலச் சுறா போனால் அதன் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாம். இப்போது அப்படியில்லை. ஹாங்காங்கின் நாட்டிகாம் நிறுவனம் 2010-களில் கொண்டுவந்த அகலத் திருத்தி ஒன்று, சாதாரண 28 மி.மீ. லென்ஸை 130 பாகைக்கு விரிக்கிறது. மூலைகளும் டோமைவிடக் கூர்மை. டோமைப் போல முன்னால் வெறும் ஓடு அல்ல. தண்ணீரையும் கணக்கில் எடுத்து, பல கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த திருத்தி. இவானோஃப் போட்ட கணக்கின் வாரிசு. தொழிற்சாலைகள் அவரிடம் திரும்பி வர ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்தமான் போன தம்பிக்கு 400-ஐ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். எந்த லென்ஸ் வாங்குவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திரும்பக் கேட்பது, எந்தக் கடல், எந்த மாதம் என்பதுதான். தெளிவான கடலுக்கு அகலம், கலங்கலுக்கு மேக்ரோ. நடுவில் நிற்கிற லென்ஸுக்குக் காசு போடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கடலோர ஊர்களில் ஆய்வுக்கூடங்களிலும் ஓய்வுபெற்றவர்களின் அலமாரிகளிலும் பழைய நிக்கனாஸ்கள் கிடக்கின்றன. கண்ணாடி மங்கல் என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் லென்ஸின் முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். ஓ-ரிங்குகளைக் கழற்றித் தனியே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மாட்டியே வைத்தால் ரப்பர் நசுங்கிக் கெட்டுவிடும். உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டதா, துடைத்து வெயிலில் காயவைக்காதீர்கள். நல்ல தண்ணீர் வாளியில் அப்படியே முக்கி, வாளியோடு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். காய்ந்து உப்பாகிவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.